நீச்சல் குளத்து மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகிறதா? எங்கே தொடங்கி எந்த வரிசையில் தேடுவது

ஏற்காட்டில் மூடுபனி இறங்கத் தொடங்கினால் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, குளத்து மோட்டார் போட்டா வீடே ஆஃப் ஆயிடுதுங்க." அடுத்த வரியும் தெரிந்ததுதான்: "பிரேக்கரைப் புதுசா மாத்தியாச்சு, மறுபடியும் அதே கதை."

பிரேக்கரை மாற்றுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பலரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது சரிவரவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றி, உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுற்றை (வைண்டிங்) மாற்ற சேலம் டவுனுக்கு ரீவைண்டிங் கொடுத்துவிடுகிறார்கள். குற்றவாளி இரண்டிலும் இல்லாமல், ஒரு ஜங்ஷன் பாக்ஸில் தேங்கிய அரை டம்ளர் தண்ணீராக இருக்கும்.

இந்தக் குறிப்பு 1 அல்லது 1.5 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் பம்ப், ஃபில்டர், இரண்டு மூன்று விளக்கு உள்ள வீட்டுக் குளங்களுக்கானது. முதல் மூன்று படிகளை வீட்டுக்காரரே செய்யலாம். மூடியைத் திறக்கும் வேலை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனுக்கு உரியது. அவர் பக்கத்தில் நின்று எதை எந்த வரிசையில் பார்க்கச் சொல்வது என்பதற்கு மீதிப் படிகள்.

1. முதலில் குளத்தில் இருக்கும் ஆட்களை வெளியேற்றுங்கள்

பழுது கிடைத்துச் சரியாகும்வரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. "பிள்ளைங்க குளிக்கட்டும், நீங்க பாட்டுக்குப் பாருங்க" என்று சொல்லும் வீடுகள் உண்டு. அங்கே நான் பையைத் திறப்பதில்லை. கெட்டுப்போன லைனைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் இந்த வேலையே. அந்த நேரத்தில் தண்ணீருக்குள் ஆள் இருக்க முடியாது.

தேவையானவை: மல்டிமீட்டர், இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகர், மில்லி ஆம்பியர் காட்டும் லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர், டார்ச், ஒரு நோட்டு. சாதாரண கிளாம்ப் மீட்டர் உதவாது. நாம் தேடும் கசிவு 10, 20 மில்லி ஆம்பியர். அதன் கண்ணுக்கு அது தெரியாது. சட்டைப்பையில் சொருகும் நியான் டெஸ்டரையும் நம்ப வேண்டாம். ஃபேஸ் இருக்கிறதா என்று மட்டும் காட்டும். நியூட்ரலில் என்ன கோளாறு என்று சொல்லாது.

காய்ந்த ரப்பர் செருப்பு, காலுக்கடியில் ரப்பர் மேட். பம்ப் ரூம் தரை ஈரமாக இருந்தால் முதலில் துடைத்துக் காயவிடுங்கள்.

2. இறங்கியது எது?

"டிரிப்பர் விழுந்திருச்சு" என்பார்கள். எந்த டிரிப்பர் என்று கேட்டால் தெரியாது. எது இறங்கியது என்று தெரிந்தாலே பாதித் தேடல் குறையும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு காரணத்துக்காக இறங்குகிறது.

எம்.சி.பி. என்பது சாதாரண பிரேக்கர்; கரண்ட்டின் அளவைப் பார்க்கிறது. ஓவர்லோட் அல்லது ஷார்ட் என்றால் இறங்கும். ஆர்.சி.சி.பி. வேறு மாதிரி: ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஒப்பிடுகிறது. வித்தியாசம் இருந்தால், எங்கோ பூமிக்குக் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு இறங்கும். பழைய ஆட்கள் இதை இ.எல்.சி.பி. என்பார்கள். டெஸ்ட் பட்டன் இருக்கும், மேலே 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். 30-க்குக் கீழே நிச்சயம் இறங்காது என்று நினைக்காதீர்கள்; 15-க்கு மேல் போனாலே இறங்க அதற்கு அனுமதி உண்டு.

ஆர்.சி.பி.ஓ. என்றால் இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும். அதில் எதற்காக இறங்கியது என்று அடுத்த படியை வைத்துத்தான் ஊகிக்க முடியும்.

பாக்ஸில் எதுவுமே இறங்காமல் மோட்டார் நின்றுபோய், அரை மணி கழித்துத் தானே ஓடினால் அது மோட்டாருக்குள் இருக்கும் தெர்மல் பாதுகாப்பின் வேலை. அதற்கு நேராக 5-ஆம் படிக்குப் போங்கள்.

டெஸ்ட் பட்டனை அழுத்தினால் இறங்குகிறது, அதனால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது அடிக்கடி பார்க்கும் தவறு. அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி.க்குள்ளேயே ஒரு செயற்கை வித்தியாசத்தை உண்டாக்குகிறது. வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் இறங்கும்.

3. எப்போது இறங்குகிறது என்று ஒரு வாரம் எழுதுங்கள்

தேதி, மணி, மழையா வெயிலா, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடியது. நோட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியும்.

போட்ட நொடியே எம்.சி.பி. இறங்கினால், ஷார்ட் அல்லது மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரண்ட். இரண்டு மூன்று விநாடி "ம்ம்ம்" என்று உறுமிவிட்டு இறங்கினால், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கும். இல்லையென்றால் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் ஏதோ சிக்கியிருக்கும்.

அரை மணி ஓடியபின் இறங்குவது சூட்டின் வேலை. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் மதியம் மட்டும் எம்.சி.பி. இறங்குகிறது என்றால், மேற்கு வெயில் படும் சுவரில் தகரப் பெட்டி மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டு எம்.சி.பி.க்கள் 30 டிகிரி வெப்பத்தை வைத்து அளவிடப்பட்டவை. பெட்டிக்குள் 50, 55 டிகிரி என்றால் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு முன்பே இறங்கிவிடும். ஏற்காட்டில் கதை தலைகீழ். காலை 6 மணிக்கு டைமர் போட்டதும் ஆர்.சி.சி.பி. இறங்கும்; அதே மோட்டாரை 11 மணிக்கு வெயில் வந்தபின் போட்டால் சாயங்காலம்வரை ஓடும். இது ஈரம். எதையும் கழற்றும் முன்பே உறுதியாகச் சொல்லிவிடலாம்.

கரண்ட் போய் வரும்போதோ, இன்வெர்ட்டர் மாறும்போதோ இறங்கினால் நியூட்ரல் குழப்பம். இடி இடிக்கும்போது மட்டும் இறங்கினால் சாதனங்களில் பழுது இருக்க வேண்டும் என்பதில்லை. லைனில் வரும் சர்ஜ், அதாவது நொடிநேர வோல்ட் ஏற்றம், போதும். ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் ஒரு சர்ஜ் அரெஸ்டர் போட்டுவிட்டு இன்னும் ஒரு வாரம் எழுதுங்கள்.

4. பிரித்துப் பாருங்கள்: நியூட்ரல் ஏமாற்றும் இடம் இதுதான்

புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் போடுங்கள். நின்றால், ஒவ்வொரு எம்.சி.பி.யாக இரண்டு நிமிட இடைவெளியில் ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது இறங்குகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே அதுதான் குற்றவாளி என்று முடிவுக்கு வர வேண்டாம். வரிசையை மாற்றி மறுபடி ஏற்றுங்கள்.

காரணம், கசிவு கூட்டிக்கொண்டே போகும். மோட்டார் 7, குளோரினேட்டர் 6, விளக்கு டிரான்ஸ்ஃபார்மர் 4, டைமர் 2 என்று தனித்தனியாக எதுவும் பெரிதாக இராது. சேர்ந்தால் 19; ஆர்.சி.சி.பி. இறங்கிவிடும். எந்த வரிசையில் போட்டாலும் ஒரே லைனில் இறங்கினால் அந்த லைனில் பழுது. எப்போதும் கடைசியாகப் போட்டதில் இறங்கினால், எல்லாவற்றின் கூட்டுத்தொகைதான் பிரச்சினை. இரண்டாவதற்குத் தீர்வு ரிப்பேர் இல்லை. மோட்டாருக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று தனித்தனி ஆர்.சி.பி.ஓ. போட்டுப் பிரிப்பது.

லீக்கேஜ் கிளாம்ப் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. ஃபேஸ், நியூட்ரல் இரண்டு வயரையும் சேர்த்து மீட்டரின் வாய்க்குள் விடுங்கள். எர்த் வயர் உள்ளே வரக் கூடாது. வந்தால் கசிந்ததும் உள்ளேயே திரும்பி வந்து பூஜ்யம் காட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் கீழே வழக்கமான கசிவு 9, 10-ஐத் தாண்டாமல் இருந்தால் நிம்மதி.

சரி, எல்லா எம்.சி.பி.யும் இறங்கிய நிலையிலும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால்? "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன், அப்பவும் நிக்கல, அப்ப ஆர்.சி.சி.பி.தான் போச்சு" என்று புதியது வாங்கி வருவார்கள். அதுவும் நிற்காது.

வீட்டில் இருக்கும் எம்.சி.பி. பெரும்பாலும் சிங்கிள் போல். ஃபேஸை மட்டும் வெட்டும். நியூட்ரல் வயர் எப்போதும் போலக் குளத்துவரை போய்க்கொண்டுதான் இருக்கிறது. அது எங்காவது எர்த்தைத் தொட்டால், மற்ற லைனில் ஓடும் கரண்ட்டில் ஒரு பங்கு நியூட்ரல் வழியாகத் திரும்பாமல் எர்த் வழியாகப் போய்விடும். அதனால்தான் மோட்டார் நின்றிருக்கும்போதே, வீட்டுக்குள் யாரோ கீசர் போட்டதும் ஆர்.சி.சி.பி. இறங்குகிறது. மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பேய் பிடித்தது போல் இருக்கும்.

இதைப் பிடிக்கும் முறை: மெயினை இறக்குங்கள், ஆர்.சி.சி.பி.யையும் இறக்குங்கள், கரண்ட் இல்லை என்று மல்டிமீட்டரில் உறுதி செய்யுங்கள். பிறகு மீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் இருக்கும் நியூட்ரல் பாருக்கும் எர்த் பாருக்கும் இடையே வையுங்கள். நல்ல நிலையில் தொடர்பே காட்டக் கூடாது. சில ஓம், சில நூறு ஓம் என்று காட்டினால், நியூட்ரல் பாரிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மீட்டர் முள் துள்ளுகிறதோ, பழுது அந்த வயரின் மறுமுனையில்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னொன்று. பவர்கட்டிலும் எரியட்டும் என்று குளத்து விளக்குக்கு ஃபேஸை இன்வெர்ட்டர் லைனில் இருந்து எடுத்துவிட்டு, நியூட்ரலைப் பக்கத்தில் இருந்த ஆர்.சி.சி.பி. லைனில் கட்டிவிடுவார்கள். ஒரு வழியாகப் போன கரண்ட் வேறு வழியாகத் திரும்பினால் ஆர்.சி.சி.பி. சும்மா இராது. கசிவு எங்குமே இருக்காது. நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

5. எம்.சி.பி. இறங்கினால்

1 எச்.பி. மோட்டார் 230 வோல்ட்டில் ஓடும்போது சுமார் 6, 7 ஆம்பியர் எடுக்கும். சரியான அளவு பெயர்த் தகட்டில் இருக்கும். தொடங்கும் கணத்தில் அதைப் போல ஆறு மடங்கு, அதாவது 40 ஆம்பியர் பக்கம் இழுக்கும். பி வகை எம்.சி.பி. எழுதியிருக்கும் ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கில் உடனே இறங்கும். சி வகை 5 முதல் 10 மடங்கில். ஆக 10 ஆம்பியர் பி வகை போட்டால் 30-க்கும் 50-க்கும் நடுவில் இறங்கும், சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. இங்கே சி வகைக்கு மாறுவது நியாயம். ஆம்பியரை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது நியாயம் இல்லை, வயர் தாங்காது.

வயரின் நீளத்தையும் பாருங்கள். ஏற்காட்டு வீடுகளில் வீடு மேலே, குளம் இரண்டு படிக்கட்டுக் கீழே காப்பிச் செடிகளுக்கு நடுவில் இருக்கும். 60 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால், போக வர சேர்த்து சுமார் ஒன்றரை ஓம். 40 ஆம்பியர் இழுக்கும்போது கிட்டத்தட்ட 58 வோல்ட் வயரிலேயே போய்விடும். ஏற்கெனவே சாயங்காலம் 200 வோல்ட்தான் வருகிறது என்றால் மோட்டார் எப்படிக் கிளம்பும்? உறுமும், சூடாகும், இறங்கும். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. என்றால் இழப்பு 22 வோல்ட்தான்.

வயரும் வோல்ட்டும் சரி என்றால் மோட்டாரின் பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள், மெயின் ஆஃபில். தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் குப்பையைப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னர் கூடையைத் தாண்டி சில்வர் ஓக் இலைக்காம்போ கூழாங்கல்லோ இம்பெல்லரில் மாட்டியிருக்கும், அல்லது பேரிங் இறுகியிருக்கும். சுற்றினால் கெப்பாசிட்டர். அது உப்பியிருந்தால் அளக்கக்கூட வேண்டாம். தொடும் முன் ஒரு குண்டு பல்பை இரு முனைகளிலும் சில விநாடி வைத்துச் சார்ஜை இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் "படார்" என்று ஷார்ட் செய்வது வீரமில்லை.

எம்.சி.பி.யின் திருகு தளர்ந்திருந்தால் அதுவே சூடாகி எம்.சி.பி.யை இறக்கும். வயர் முனை கறுத்திருந்தால் கறுத்த பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி இறுக்குங்கள்.

6. ஆர்.சி.சி.பி. இறங்கி, மோட்டார் லைன் என்று தெரிந்தால்

முதலில் மெகர் வேண்டாம், கண் போதும். மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில் அடியில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரமோ வெள்ளை உப்புப் படிவமோ இருந்தால், பம்புத் தண்ணீர் மோட்டாருக்குள் வராமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கசிகிறது. அந்தத் தண்ணீர் ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்கும், பிறகு வைண்டிங்குக்கும் போகும். சீலை மாற்றாமல் மோட்டாரை மட்டும் காயவைத்துக் கொடுத்தால் பத்தே நாளில் திரும்ப வரும்.

அப்புறம் டெர்மினல் பாக்ஸ். வயர் மேலிருந்து நேராக உள்ளே இறங்கினால் மழைநீர் அதன் மேல் வழிந்து உள்ளே போகும். வயர் நுழையும் கிளாண்ட் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும், நுழையும் முன் வயரில் ஒரு தொங்கல் விட வேண்டும். சொட்டு அங்கேயே விழுந்துவிடும். மலையில் இன்னொரு தொல்லை, வயர் போகும் கண்ட்யூட் பைப். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும், இரவில் ஈரக் காற்று உள்ளே போய்க் குளிர்ந்து தண்ணீராகிப் பள்ளத்தில் இருக்கும் பெட்டிக்குள் வடியும். மழையே பெய்யாத நாளிலும் பெட்டிக்குள் தண்ணீர் இருப்பது இதனால்தான். பைப் வாயை சிலிக்கானால் அடையுங்கள். மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் காண்டாக்டர் பெட்டியைத் திறந்தால் எறும்போ, கருகிய பல்லியோ, குளவி கட்டிய மண்ணோ இருக்கலாம். எனக்கு மூன்றும் கிடைத்திருக்கின்றன.

இப்போது மெகர். மோட்டாரின் வயர்களைக் கழற்றி, வைண்டிங் முனைகளைச் சேர்த்து, மோட்டார் உடம்புக்கும் அவற்றுக்கும் நடுவே 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் அளந்து பாருங்கள். டைமர், எலக்ட்ரானிக் கண்ட்ரோல் எதுவும் இணைப்பில் இருக்கக் கூடாது, எரிந்துபோகும். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் ஓட்ட வேண்டாம்.

ஆனால் 2 மெகா ஓம் காட்டுகிறது, அதனால்தான் டிரிப் ஆகிறது என்று மோட்டாரைக் கழற்றாதீர்கள். கணக்குப் போடுங்கள்: 230 வோல்ட்டில் 1 மெகா ஓம் வழியாகப் போவது கால் மில்லி ஆம்பியர்கூட இல்லை. ஆர்.சி.சி.பி.யை ஒரே ஆளாக இறக்க வேண்டுமானால் இன்சுலேஷன் 15 கிலோ ஓமுக்குக் கீழே போயிருக்க வேண்டும். 2 மெகா ஓம் மோட்டாருக்கு உடம்பு சரியில்லைதான், ஆனால் இன்றைய டிரிப்புக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

ஈரம் மட்டும்தான் என்றால் மோட்டாரை ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, அட்டையிலும் மோட்டாரிலும் படாமல் 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டு ஒரு ராத்திரி கண்காணிப்பில் வையுங்கள். காலையில் அளந்தால் ஏறியிருக்கும். நவம்பரில் ஏற்காட்டு வெயிலை நம்பிக் காயவைத்தால் பொங்கல் வந்துவிடும்.

7. விளக்கு லைன் என்றால்

குளத்துக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டில், தனி டிரான்ஸ்ஃபார்மரில்தான் எரிய வேண்டும். 230 வோல்ட் நேராகப் போகிறது என்றால் பழுது தேடுவதை நிறுத்துங்கள். அந்த லைனையே துண்டித்து, 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் மறுபேச்சு.

12 வோல்ட் விளக்குக்குள் தண்ணீர் புகுந்தால் விளக்கு எரியாமல் போகலாம், ஆர்.சி.சி.பி. இறங்காது. டிரான்ஸ்ஃபார்மர் இரு பக்கத்தையும் பிரித்துவைக்கிறது. ஆகவே விளக்கு லைனில் ஆர்.சி.சி.பி. இறங்கினால், குளத்தைக் காலி செய்து விளக்கைத் தோண்ட வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரையும் அதற்கு வரும் வயரையும் பாருங்கள். பத்து முறை போட்டால் இரண்டு முறை மட்டும் எம்.சி.பி. இறங்குகிறதா? வட்ட டிரான்ஸ்ஃபார்மர் போட்ட நொடியில் இழுக்கும் கரண்ட் அது. சி வகை போதும்.

8. மற்றவை

எலக்ட்ரிக் ஹீட்டர் பல மாதம் சும்மா இருந்தால் அதன் எலிமென்ட்டுக்குள் இருக்கும் தூள் ஈரம் இழுத்துக்கொள்ளும். முதல் முறை போட்டதும் ஆர்.சி.சி.பி. இறங்கும். கழற்றிக் காயவைத்தும் மெகர் ஏறாவிட்டால் எலிமென்ட்டை மாற்றுங்கள். வேகம் மாற்றும் வகை பம்புகளில் உள்ளே இருக்கும் மின் ஃபில்டர் வழியாக எப்போதும் கொஞ்சம் கரண்ட் கசியும். அதற்குத் தனி ஆர்.சி.சி.பி., அதுவும் பம்பின் கையேடு சொல்லும் வகையில், வழக்கமான ஏ.சி. வகை ஆர்.சி.சி.பி. ஒத்துவராது.

பம்ப் ரூமை ஸ்டோர் ரூம் ஆக்காதீர்கள். ஆசிட் கேன் ஆவியில் டெர்மினல் எல்லாம் பச்சை பூக்கும். ஆசிட்டும் குளோரினும் ஒரே அறையில் இருப்பது அதைவிட ஆபத்து. இரண்டும் கலந்தால் விஷவாயு.

9. எர்த்தை வெட்டி டிரிப்பை நிறுத்தியவர்கள்

ஏற்காட்டில் ஒரு தோட்டத்து வீடு. இரண்டு மாதமாக டிரிப்பே இல்லை, யாரோ வந்து சரி செய்துவிட்டார் என்று மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஒருநாள் ஸ்ட்ரெய்னர் கூடை கழுவ வெறுங்காலில் போனவர் மோட்டாரில் கை வைத்ததும் ஷாக் அடித்துத் தள்ளியது. அந்த நொடியில் ஆர்.சி.சி.பி. இறங்கியதால் பிழைத்தார். நான் போய் டெர்மினல் பாக்ஸைத் திறந்தேன். பச்சை வயரை வெட்டி, மடக்கி, கறுப்பு டேப் சுற்றி ஓரமாகச் செருகியிருந்தது. கசிவு அப்படியேதான் இருந்திருக்கிறது. எர்த் வழியாகப் போக வழியில்லாமல், ஒரு ஆள் வந்து தொடும்வரை காத்திருந்திருக்கிறது.

ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிட்டு "எம்.சி.பி. இருக்கே, போதும்" என்பதும் இதே ரகம். நம் சேலம் பாறை மண்ணில் எர்த் பிட் 20 ஓம் காட்டுவது அதிசயம் இல்லை. மோட்டார் உடம்பில் ஃபேஸ் பட்டால் 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை ஒரு லோடு என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருக்கும். மோட்டார் உடம்பு முழுவதும் கரண்ட். இதைக் கண்டுபிடிக்க ஆர்.சி.சி.பி.யைத் தவிர ஆள் இல்லை. 30-ஐ எடுத்துவிட்டு 100 மில்லி ஆம்பியர் போடுவதும் வேண்டாம். அது மனிதரைக் காக்கும் அளவு இல்லை.

ஏணி, கைப்பிடி, மோட்டார் சட்டம் என்று குளத்தைச் சுற்றி இருக்கும் உலோகம் எல்லாம் ஒரே எர்த்தில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் இந்தக் கையோடு பார்த்துவிடுங்கள்.

10. சரி செய்தபின்

லீக்கேஜ் கிளாம்பில் வந்த அளவு, மெகர் அளவு, ஓடும்போது ஆம்பியர், வோல்ட் நான்கையும் தேதியோடு எழுதி, பிரேக்கர்கள் இருக்கும் டி.பி. பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்த முறை இறங்கும்போது எது மாறியிருக்கிறது என்று உடனே தெரியும்.

மதியம் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். டைமரை மறுநாள் காலை 6 மணிக்கே வைத்துவிட்டு வாருங்கள். பனி கொட்டும் மூன்று விடியலில் நின்றால், நான்காம் நாள் பிள்ளைகளைக் குளத்தில் விடலாம்.